பன்னிரண்டு சொற்கள்

சின்னவன் கப்பலிலிருந்து கூப்பிட்டபோது அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரியவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு வரை நகர்ந்துவிட்டது. ரத்தம் எடுக்கும்போது அவள் போனைத் தொடமாட்டாள். ஊசியை உருவி, பஞ்சை அழுத்தி, குழாயில் ஒட்டியிருந்த பெயரும் அவர் வாயால் சொன்ன பெயரும் ஒன்றுதானா என்று இன்னொரு தரம் பார்த்த பிறகுதான் எடுத்தாள்.

"அண்ணி, லைன் எப்ப போகும்னு தெரியாது. மடமடன்னு சொல்லிடறேன், குறுக்கே பேசாமக் கேளுங்க."

சின்னவன் அவள் கணவரின் தம்பி. சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. அங்கே அவனுக்குக் கீழே நாலு பேர் இருந்தாலும் வீட்டில் அவன் என்றைக்கும் சின்னவன்தான். கப்பல் சம்பளத்தில் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரிப்டோ டோக்கன், அதாவது கணினியில் மட்டும் இருக்கிற காசு, வாங்கிச் சேர்த்திருந்தான். அதை வாங்கி விற்கிற இணையக் கடைக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். வாங்கியதை அங்கேயே விட்டு வைத்திருந்தான். அந்த எக்ஸ்சேஞ்ச் இப்போது கடையை மூடப்போகிறதாம். மாதக் கடைசிக்குள் எல்லோரும் தங்கள் டோக்கனை, வாலட் என்று போனில் வைத்துக்கொள்ளும் சொந்தப் பணப்பைக்கு மாற்றிக்கொண்டு போகவேண்டும், அதற்கப்புறம் தாங்கள் பொறுப்பில்லை என்று கடிதம் போட்டிருக்கிறார்கள்.

"நாங்க நடுக்கடல்ல இருக்கோம் அண்ணி. இந்த லைனே கெஞ்சிக் கூத்தாடி வாங்கினது. என் பழைய லேப்டாப் உங்ககிட்டதான் இருக்கு. கடைக்குள்ள போறதுக்கான ஓடிபியும் உங்க நம்பருக்குத்தான் வரும், அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன். நீங்கதான் மாத்திக் குடுக்கணும்."

"எனக்கு அதெல்லாம் என்னப்பா தெரியும்? அண்ணன்கிட்ட சொல்லேன்."

"அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவள் கணவர் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவர், சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை. கையில் கிடைத்த எதையும் கழற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு காலத்தில் தம்பியைப் பட்டறையில் பங்காளியாகச் சேர்ந்துகொள்ளச் சொல்லி ஆசையாகக் கேட்டார். சின்னவன் சேரவில்லை, டோக்கன் வாங்கினான். ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தவர்கள் முன்னால், "என் தம்பி காத்தை வாங்கிப் பையில அடைச்சு வச்சிருக்கான்" என்று இவர் சொல்ல, சின்னவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த டோக்கனை நம்பித்தான் சின்னவன் கரைக்கு வருவதாக இருந்தான். துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் சரிபார்க்கும் கடை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். கடைசிப் பயணம் இது என்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்லுவான். இந்த முறை சொன்னபோதுதான் அவள் நம்பியிருந்தாள்.

"கடைசியா ஒண்ணு அண்ணி. வாலட் போடும்போது பன்னெண்டு வார்த்தை குடுப்பான். அதுதான் சாவி, அது யார் கையில இருக்கோ அவங்க எங்கேருந்தும் திறந்துடலாம். பேப்பர்ல எழுதி வைங்க. யாருக்கும் காட்டாதீங்க. நானே கேட்டாலும் போன்ல சொல்லாதீங்க. அப்புறம், அனுப்பும்போது முதல்ல..."

லைன் போய்விட்டது. முதலில் என்ன என்று அவன் சொல்லவே இல்லை.

மறுநாள் மாலை கணவர் பட்டறையிலிருந்து வருவதற்குள் அவள் உட்கார்ந்தாள். போனில் வாலட்டை நிறுவினாள். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. குடை, ஆமை, வாடகை, மூக்கு என்று ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத சொற்கள். ஆய்வுக்கூடத்தில் முடிவுகள் போட்டுக் கொடுக்கிற உறை ஒன்றின் பின்பக்கத்தில், நோயாளி பெயர் எழுதுகிற அதே கையெழுத்தில், பிரித்துப் பிரித்து எழுதினாள். உறையைக் கம்பளிப் போர்வையின் மடிப்புக்குள் வைத்தாள்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து எக்ஸ்சேஞ்சுக்குள் போனாள். வாலட்டின் முகவரி நீளமாக, குழந்தை தட்டச்சுப் பலகையில் கையை வைத்து அழுத்தியது போல இருந்தது. அதைப் போட்டு, எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். அந்த வேலை அவளுக்குப் புதிதில்லை. எந்த நெட்வொர்க் வழியாக, அதாவது டோக்கன் போகிற எந்தப் பாதையில், அனுப்ப என்று திரை கேட்டது. வரிசையாகப் பெயர்கள். ஒன்றுக்குக் கட்டணம் அநியாயத்துக்கு இருந்தது, இன்னொன்றுக்குக் கொசுறு. அவன் ரத்தம் சிந்திச் சேர்த்ததை எதற்கு வீணாக்க வேண்டும் என்று குறைந்ததைத் தொட்டாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பப் பயமாக இருந்தது. பாதியை அனுப்பிப் பார்ப்போம், அது வந்ததும் மீதி என்று நினைத்தாள். அனுப்பிப் பார்க்க அவ்வளவு வேண்டாமே, ஒரு துளி போதுமே என்று அப்போது தோன்றவில்லை.

அனுப்பப்பட்டது என்றது எக்ஸ்சேஞ்ச். வாலட்டைத் திறந்தாள். பூஜ்யம்.

தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். பூஜ்யம். துணியை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தாள். போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சுக்கு மின்னஞ்சல் எழுதினாள். நிறையப் பேர் எழுதுகிறார்கள், முறைப்படி பதில் வரும், பொறுத்திருக்கவும் என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. அந்த எக்ஸ்சேஞ்சைப் பயன்படுத்துகிறவர்களின் குழு ஒன்று லேப்டாப்பில் திறந்தே கிடந்தது. அதில் போய், அனுப்பினேன், வரவில்லை, யாராவது உதவுங்கள் என்று எழுதினாள்.

குழுவில் யாரும் பதில் சொல்வதற்கு முன்பே தனியாக ஒரு செய்தி வந்தது. எக்ஸ்சேஞ்சின் சின்னம், கீழே உதவிப் பிரிவு என்ற பெயர். பதறாதீர்கள் அம்மணி, இப்படிப் பலருக்கு நடக்கிறது, உங்கள் டோக்கன் வழியில் நிற்கிறது, பரிமாற்ற எண்ணை மட்டும் கொடுங்கள், எங்கள் பொறியாளர் பார்த்துவிட்டுச் சொல்லுவார். எண்ணைக் கொடுத்தாள். நன்றி சொன்னார்கள். கால் கடுக்க நின்றவளுக்கு யாரோ நாற்காலி இழுத்துப் போட்டது போல இருந்தது.

அன்று சாப்பாட்டில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன, லேப்ல யாரோடயாவது சண்டையா?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா கடலையே கரைச்சு ஊத்திருக்கியே."

அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. மூடி வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, இதோ இப்போது காற்று, பை என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் ஆரம்பிக்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு விரல் நகத்தில் இருந்த எண்ணெய்க் கறையைச் சுரண்டினார்.

"எனக்குத் தெரிய வேணாம்னு அவனே சொன்னானா?"

"அவன் ஏதோ வேகத்துல..."

"சரி விடு. என்ன இருந்தாலும் அவன் உழைச்ச காசு. போயிடக் கூடாது." லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்த உதவிப் பிரிவின் செய்திகளை வாய்விட்டுப் படித்தார். "நல்லாத்தான் பேசறாங்க. அந்தப் பேப்பர் பத்திரமா இருக்கா?"

"போர்வைக்குள்ள வச்சிருக்கேன். அதை யாருக்கும் காட்டக் கூடாதாம்."

"நான் யாருக்குக் காட்டப் போறேன்?"

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது அவர் பட்டறைக்குப் போகவில்லை. ஒரு ஏசிக்குச் சாமான் வரவேண்டியிருக்கிறது, மதியத்துக்கு மேல் போகிறேன் என்றார்.

ஆய்வுக்கூடத்தில் வெறும் வயிற்றுக்காரர்களின் கூட்டம் குறையும் நேரத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் நாள் அவள் எழுதிய மின்னஞ்சலுக்கே வந்த பதில். நாலே வரி. உங்கள் டோக்கன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. நீங்கள் தேர்ந்தெடுத்த நெட்வொர்க்கை உங்கள் வாலட் தானாகக் காட்டாது. வாலட்டின் செட்டிங்ஸில் போய் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் தெரியும். எந்தச் சூழ்நிலையிலும் உங்கள் பன்னிரண்டு சொற்களை நாங்கள் கேட்கமாட்டோம்.

சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நின்று, சொன்னபடி ஒவ்வொன்றாகத் தொட்டாள். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு எண்கள் வந்தன. அத்தனையும் இருந்தது. ஒன்றுகூடக் குறையாமல் நேற்று மாலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. வேறு அறையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். உடனே கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, வந்துடுச்சுங்க! எல்லாம் இங்கயேதான் இருந்திருக்கு!"

"வந்துடுச்சா? நான்தான் சொன்னேன்ல!" அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டு நாளாகியிருந்தது. "காலையில இருந்து அந்த ஆளோட மல்லுக்கட்டிட்டிருந்தேன். இப்பத்தான் முடிஞ்சுது. சின்னவன்கிட்ட நீயே சொல்லிடு, அண்ணன்தான் எடுத்துக் குடுத்தாருன்னு. இல்ல, வேணாம், நான் செஞ்சேன்னு சொல்ல வேணாம்."

"எந்த ஆளு?"

"அதான், உதவிப் பிரிவு. லிங்க் அனுப்பினான். பன்னெண்டு கட்டம் இருந்துச்சு. ஒவ்வொண்ணா போட்டேன்."

"எதைப் போட்டீங்க?"

"அந்த வார்த்தைங்களத்தான். யாருக்கும் காட்டலியே. ஒரு கட்டத்துக்குள்ளதான போட்டேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அதற்குள்ளிருந்து அவர் ஹலோ ஹலோ என்பது சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டோக்கன் இன்னும் வாலட்டில் இருந்தது. திரும்ப எக்ஸ்சேஞ்சுக்கே தள்ளிவிடலாம் என்று முகவரியைப் போட்டு அனுப்பு என்பதைத் தொட்டாள். முடியாது என்றது. அந்த நெட்வொர்க்கில் எதை அனுப்பவும் கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்தை அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காசில்தான் கட்ட வேண்டும். அவளிடம் அது துளியும் இல்லை. மறுபடி தொட்டாள். மறுபடி அதே பதில்.

அப்போது ஏதோ ஒன்று உள்ளே வந்தது. சின்னஞ்சிறு தொகை, யாரோ அனுப்பியது. அவளிடம் துளியும் இல்லாமல் போன அதே கட்டணக் காசு. ஒரு மூச்சு நேரம், தெய்வமே வந்து கை கொடுத்தது என்று நினைத்தாள். அவள் விரல் அனுப்பு என்பதைத் தொடுவதற்குள் எண்கள் எல்லாம் மறைந்து பூஜ்யம் வந்தது. திருடன் தன் வழிச்செலவைத் தானே கொண்டுவந்திருந்தான்.

கதவைத் தட்டினார்கள். "அக்கா, ஆள் காத்திருக்காங்க." கை கழுவிக்கொண்டு போனாள். நடுவயதுப் பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு, "வலிக்குமா?" என்றாள். நரம்பு கண்ணுக்கு நேராக நீலமாகத் தெரிந்தது. இரண்டு தரம் குத்தியும் பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு, "நீ எடுத்துடு" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டில் கணவர் லேப்டாப் முன்னாலேயே இருந்தார். அந்த உதவிப் பிரிவு மாயமாகிவிட்டது. பேசியதெல்லாம் அழிந்து, சின்னம் இருந்த இடத்தில் சாம்பல் வட்டம் ஒன்று மட்டும் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது பண்ணணும்னுதான்..." என்றார்.

"தெரியும்."

"அவன் என்னைக் கேக்கல. கேக்காமலே செஞ்சு குடுத்தா, என்னைக்காவது நெனச்சுப் பாப்பான்னு..."

"தெரியுங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை. காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, பதிவு செய்கிறேன், ஆனால் நம்பி இருக்காதீர்கள் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் இரண்டடி பின்னாலேயே நடந்தார்.

இன்னும் பாதி எக்ஸ்சேஞ்சில் கிடந்தது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவே அவளுக்குக் கை வரவில்லை. காபி குடிப்பதும் எழுவதும் உட்காருவதுமாக ஒரு விடுமுறை நாளின் காலை முழுக்கப் போனது. கடைசியில், நீ தொடாவிட்டால் அதுவும்தான் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். பழைய வாலட்டை அழித்தாள். புதிதாக ஒன்றைப் போட்டாள். புதிதாகப் பன்னிரண்டு சொற்கள். எழுத உட்கார்ந்தபோது கணவர் அறைக்குள் ஏதோ எடுக்க வந்தார். அவள் கை தன்னால் தாளை மூடிக்கொண்டது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். எடுக்க வந்ததை எடுக்காமல் வெளியே போய், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அவள் எழுந்து கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மெதுவாகப் போட்டிருக்கலாம். போடவில்லை.

இந்தத் தடவை கட்டணம் கூடுதலாக இருந்த நெட்வொர்க்கையே தொட்டாள். முதலில் ஒரு துளி. அது வரும் வரைக்கும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்தது. பிறகு மீதி எல்லாம். அதுவும் வந்தது. சந்தோஷம் வரவில்லை. பல் பிடுங்கியபின் வாய்க்குள் இருக்குமே, அந்த மரத்த உணர்ச்சிதான்.

கதவைத் திறந்து வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சு."

"ம்."

"பேப்பரை எங்க வைக்கறதுன்னு..."

"எனக்குச் சொல்லாத," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு வேணாம். சத்தியமா வேணாம்."

கப்பல் துறைமுகம் பிடித்த அன்று சின்னவன் வீடியோவில் வந்தான். பின்னால் பளீரென்ற வெயில், கயிறு, யாரோ கத்துவது எல்லாம் கேட்டது. "என்ன அண்ணி, கரை சேர்த்துட்டீங்களா என்னை?" என்று சிரித்தான். அவள் ஆரம்பிக்க வாயெடுப்பதற்குள் கணவர் போனை வாங்கிக்கொண்டார்.

"தப்பு என்னுது. அவ மேல ஒண்ணுமில்ல," என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கட்டத்துக்குள் போட்டதையும் சொன்னார். சொல்லி முடித்தபின், "பட்டறையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா நான்..." என்றார்.

"வேணாம்ணா."

"இல்லடா, நான் என்ன சொல்றேன்னா..."

"வேணாம்னேன்ல. அண்ணிகிட்ட குடுங்க."

அவள் வாங்கினாள். திரையில் அவன் முகம் நின்று நின்று நகர்ந்தது. சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"உங்ககிட்டதான அண்ணி குடுத்தேன்? அவர்கிட்ட குடுக்கலியே."

"பயந்துட்டேன்பா. தாங்க முடியல. அதான் சொல்லிட்டேன்."

"ரெண்டு நாள் பொறுத்திருந்தா போதும். எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தாக்கூட, கரை பிடிச்சதும் பாத்திருப்பேன்."

அது உண்மை. எழுதிப் போடலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நம்பி ஒப்படைத்தவனிடம் தவறவிட்டேன் என்று சொல்லக் கூசியது. அதுதான் காரணம். அதை அவனிடம் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவன், "சரி, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டான். அந்த முறை லைன் தானாகப் போகவில்லை.

சில நாள் கழித்து, இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. படகு இன்ஜின் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

புது ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன் சில நாள் விடுப்பில் வந்தான். அண்ணனுக்குச் சட்டை, அவளுக்கு மணிக்கூண்டு படம் போட்ட தேநீர்க் குவளை என்று எப்போதும் போல வாங்கி வந்திருந்தான். சகோதரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கணவர் மழையைப் பற்றிக் கேட்டார், அவன் கடலில் மழை எப்படி இருக்கும் என்று சொன்னான். ஒருவரையொருவர் பார்க்காமலே ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். முன்பு அந்த அளவும் பேச்சில்லை என்பதை அவள் கவனித்தாள்.

சாப்பிட்டதும் கை கழுவிக்கொண்டு வந்து, "அண்ணி, மிச்சம் இருக்கற டோக்கனை என் போனுக்கு மாத்திக்கறேன்" என்றான். தன் வாலட்டின் சொற்களை எழுதிய தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தன் போனில் சொந்தமாக வாலட் ஒன்றைப் போட்டான். அதற்கு வந்த புதிய பன்னிரண்டு சொற்களை எழுத அவன் பேனாவைத் திறந்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"ஏன் அண்ணி அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறீங்க?"

"எனக்குத் தெரிய வேணாம்பா."

நீங்க பாத்தா என்ன அண்ணி என்று அவன் சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தது வெட்கமாகக்கூட இருந்தது. பேனா ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி எழுதத் தொடங்கியது. அவன் எழுதி முடித்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்ட பிறகுதான், "ஆச்சு அண்ணி" என்றான். அவள் திரும்பி, மேசையிலிருந்த தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள்.